ஒரு நாளைக்கு ஒரு வரம்பு

மழை பெய்தால்கூட முதுகு வேர்க்கிற ஊர் மலாக்கா. அந்த ஊரில் ஓர் ஆண்பிள்ளை கடைக்குப் போய்க் கம்பளி நூல் கேட்டால், ஒன்று அவனுக்குக் காய்ச்சல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும். சுதந்திரம் வந்த வருஷத்து நவம்பரில் காஜா பெராங் கணேசமூர்த்தி போய்க் கேட்டார். அவருக்கு இரண்டும் இல்லை. இங்கிலாந்தில் ஒரு மகள் இருந்தாள்.

கணேசமூர்த்தி நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். காக்கி அரைக்கால்சட்டை, காதில் பென்சில், ஒரு பழைய சைக்கிள். காஜா பெராங்கிலிருந்து பண்டார் ஹிலிர் வரைக்கும், அந்தப் பக்கம் கிளேபாங் வரைக்கும், ஒரு வீடு விடாமல் கொல்லைப்புறத்தில் குனிந்து பார்த்திருக்கிறார். எந்த வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். ஒன்றையும் வெளியே விடமாட்டார். நாற்பத்தைந்து வயதுவரை ஊரில் யாரோடும் சண்டை போட்டதில்லை. இருந்தும் நல்ல பெயர் என்று ஒன்று அவருக்குக் கிடையாது. அது பத்து வருஷத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. அது எப்படிப் போனது என்பதைச் சொல்லாமல் இந்தக் காலுறைக் கதையைச் சொல்ல முடியாது.

மகள் கமலவேணிக்குப் பதினெட்டு வயது. மெர்டேக்கா என்கிற சுதந்திர விழாவுக்குக் கட்டின தோரணத்தைப் பண்டார் ஹிலிரில் இன்னும் அவிழ்த்து முடிக்கவில்லை, அதற்குள் அவள் மிசி வேலை படிக்கக் கப்பல் ஏறிவிட்டாள். தாதியை எங்கள் பக்கத்தில் மிசி என்றுதான் சொல்வது. அங்கிருந்து வாரத்துக்கு ஒரு நீலக் காகிதம் விமானத் தபாலில் வரும். "அன்புள்ள அம்மாவுக்கு" என்று ஆரம்பிக்கும். கடைசியில், மடிக்கிற ஓரத்தில் இடம் மிச்சமிருந்தால், "அப்பாவையும் கேட்டதாகச் சொல்லவும்" என்று ஒரு வரி இருக்கும். இடமில்லாத வாரத்தில் அதுவும் இருக்காது.

நவம்பர் கடிதத்தை அம்மா சிவகாமசுந்தரி அடுப்படியில் நின்றபடியே உரக்கப் படித்தாள். கணேசமூர்த்தி சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விடுவதுபோல வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மகள் எழுதியிருந்தாள்: 'குளிரில் என் கால் விரலெல்லாம் கோவைப்பழம் மாதிரி சிவந்து வீங்கிவிட்டது. ராத்திரியில் அரிப்பு, பகலில் வெடிப்பு. வார்டில் நிற்க முடியவில்லை. இப்படியே போனால் பயிற்சி தாங்காது, வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று பெரிய மிசி சொல்லிவிட்டார். இங்கே கடையில் கிடைப்பது மெல்லிசு. என்னோடு இருக்கும் பெண்களுக்கெல்லாம் அவரவர் வீட்டிலிருந்து தடியாகப் பின்னி அனுப்புகிறார்கள்.'

"கொழுப்பெடுத்துப் போனா, இப்ப அனுபவிக்கிறா," என்று சிவகாமசுந்தரி சொன்னாள். சொன்ன வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதும் விட்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நம்ம வீட்டுல யாருங்க பின்னித் தர்றது? நான் பொத்தான் தைச்சாலே கோணலாப் போவுது," என்றாள்.

பின்னத் தெரிந்தவர் ஒருவர் அந்த வீட்டில் உண்டு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜப்பான்காரன் போன மறு வருஷம், கணேசமூர்த்தி நகராட்சியில் குழாய்க்குப் பள்ளம் தோண்டும் ஆளாக இருந்தார். ஒருநாள் இருமினபோது துண்டில் ரத்தம் வந்தது. டாக்டர் படமெடுத்துப் பார்த்து, காசம் என்றார். சிங்கப்பூரில் துறைமுகத்தில் வேலை பார்த்த பங்காளி சேதுராமன் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்து ஒரு கட்டிலுக்கு வழி பண்ணினார். கிளம்புவதற்கு முதல்நாள் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முடிவெடுத்தார்கள். வீட்டில் ஏழு வயதில் பெண்குழந்தை இருக்கிறது. அப்பனுக்குக் காசம் என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு அவளைப் பெண்கேட்டு ஒரு நாய்கூட அந்த வாசலுக்கு வராது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில்கூட உட்காரவிடமாட்டார்கள். ஆகவே, சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போகிறார் என்று சொல்வது. சிங்கப்பூர் என்பதாவது பொய் இல்லையே என்று சிவகாமசுந்தரி தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பதினாலு மாதம் ஆளும் வரவில்லை, காசும் வரவில்லை. அடுத்த வீட்டுப் பாக்கியலட்சுமி சும்மா இருப்பாளா? சிங்கப்பூரில் கணேசமூர்த்திக்குச் சின்னவீடு இருக்கிறது என்றாள். முதலில் சந்தேகமாகச் சொன்னாள். பிறகு அந்தப் பெண் தையற்காரி என்றாள். கொஞ்ச நாள் போனதும் அவளுக்கு ஒரு பெண்குழந்தையும் பிறந்துவிட்டது. ஊர் அதை நம்பியது. சிவகாமசுந்தரி மறுக்கவில்லை. மறுத்தால், அப்படியானால் ஆள் எங்கே என்று கேட்பார்கள். ஓடிப்போனவனின் பெண்டாட்டி என்று நாலு பேர் பாவப்பட்டுப் பார்ப்பதை அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். அவளைப்போல வாயாடி அந்தப் பத்து வருஷம் அந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறக்காமல் இருந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

அங்கே ஆஸ்பத்திரியில் கணேசமூர்த்திக்கு மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஊசி மருந்தெல்லாம் பிறகுதான் வந்தது. படுத்துக் கிட, பாலைக் குடி, மூச்சை மெதுவாக விடு, அவ்வளவுதான் வைத்தியம். படுத்துக் கிடக்கிறவனுக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருக்க, வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி வந்து பின்னல் கற்றுக்கொடுத்தாள். ஆரம்பத்தில் ஆண்பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் போட்டிபோட்டுப் பின்னினார்கள். போட்டி முற்றி ஒருவனுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. டாக்டர் கோபித்துக்கொண்டார், ஒருவன் ஒரு நாளைக்கு இருபது நிமிஷத்துக்குமேல் ஊசியைத் தொடக்கூடாது என்றார். அதற்குத் துரைசானி ஒரு வழி கண்டுபிடித்தாள். அன்றன்றைக்கு நிறுத்துகிற இடத்தில் ஒரு சுற்று மட்டும் கண்ணியைத் தலைகீழாகப் போட வேண்டும். அந்த இடத்தில் வயலுக்கு வரப்பு மாதிரி மெல்லிய வரம்பு ஒன்று எழும்பி நிற்கும். அவள் வந்ததும் பின்னலைக் கையில் வாங்கி, விரலால் தடவி, இரண்டு வரம்புக்கு நடுவில் அகலம் கூடியிருந்தால் காதைத் திருகுவாள். கணேசமூர்த்தி பதினாலு மாதத்தில் எண்ணற்ற காலுறை பின்னினார். எல்லாம் எங்கோ குளிர் நாட்டில் அநாதைக் குழந்தைகளுக்குப் போயிற்று.

உயிரோடு திரும்பி வந்தார். நகராட்சியில் ஒரு நல்ல மனிதர், பள்ளம் தோண்ட வேண்டாம் என்று மீட்டர் பார்க்கிற வேலைக்கு மாற்றினார். நோய் போய்விட்டது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தும் கணேசமூர்த்திக்குப் பயம் போகவில்லை. நீல விளிம்பு வைத்த ஓர் இனாமல் தட்டும் ஒரு குவளையும் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டார். மகளைத் தூக்கவில்லை, முத்தமிடவில்லை. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஏங்கிக்கொண்டிருந்த பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொள்ளும்? ஊர் சொன்னதோடு சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டது.

பன்னிரண்டு வயதில் ஒருநாள் கமலவேணி அவர் முன்னால் வந்து நின்று நேராகவே கேட்டுவிட்டாள்: "சிங்கப்பூர்ல இருக்கிற என் தங்கச்சி பேரு என்னாப்பா?"

இல்லை என்று சொல்லக் கணேசமூர்த்தி வாயெடுத்தார். அப்புறம் ஏன் போனீங்க என்ற அடுத்த கேள்வி அவள் கண்ணிலேயே இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ரகசியத்தை எத்தனை நாள் வைத்திருக்கும்? அவர் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த மௌனத்தையே அவள் பதிலாக வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அப்பாவிடம் வேண்டியதற்கு மட்டும் பேசுவாள், மரியாதையாகப் பேசுவாள். இங்கிலாந்துக்குப் போக நெஞ்சைப் படமெடுத்து, சுத்தமாக இருக்கிறது என்று எழுதி வந்த அன்றைக்கு அவர் கோயிலில் பதினோரு தேங்காய் உடைத்தார். பயணம் நல்லபடி அமைய உடைக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கணேசமூர்த்திதான் இப்போது நூல் வாங்கப் போனார். ஜோங்கர் தெருவில் மணியும் பட்டு நூலும் விற்கிற சீன வம்சத்து நியோஞ்ஞா அம்மாள் ஒருத்தி, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து, யாருக்கு என்று மலாயில் கேட்டாள். வீட்டுக்காரிக்கு என்றார். எத்தனை இழை நூல், எந்த ஊசிக்கு என்று கேட்டாள். அவர் சாம்பல் நிற உருண்டையைக் கையில் எடுத்து, ஓர் இழையைப் பிரித்து, விரலில் இரண்டு சுற்று சுற்றி இழுத்துப் பார்த்து, "இது குதிகாலுக்குத் தாங்காது. இதைவிட முறுக்கானது இருக்கா?" என்றார். அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய் நல்ல சரக்கை எடுத்து வந்தாள்.

ஊசிக்குக் கடைக்குப் போகவில்லை. சைக்கிள் சக்கரத்துக் கம்பி நாலு எடுத்து, ஒரே அளவாக வெட்டி, இரண்டு முனையையும் அரத்தால் கூராக்கி, மணல்தாளால் வழவழவென்று தேய்த்தார். வார்டில் அப்படித்தான் செய்வார்கள். நாலு கம்பியையும் பிடித்துக் கண்ணி ஏற்றினபோது கை ஒன்றையும் மறந்திருக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வந்தது.

தினமும் மீட்டர் பார்த்து முடித்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவார். ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு மணிநேரம் உட்காருவார். அந்த வேக்காட்டில் விரல் வேர்த்துக் கம்பளி ஒட்டிக்கொண்டது. கைக்குப் பவுடர் போட்டுக்கொண்டு பின்னினார். மடியில் கம்பளி, நெற்றியில் வேர்வை, முகமெல்லாம் பவுடர். சிவகாமசுந்தரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"பகல்ல என்னாத்துக்கு ஜன்னலைச் சாத்திக் கிடக்கு, சுந்தரி? வீட்டுல யாருக்காச்சும் முடியலையா?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாக்கியலட்சுமி கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு வெளிச்சம் கண்ணுல குத்துதாம்," என்று சிவகாமசுந்தரி குரல் கொடுத்தாள். உள்ளே வந்ததும் கணுக்கால் வரைக்கும் இறங்கியிருந்த காலுறையைத் தூக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. நடுநடுவுல இது என்னாங்க கோடு?"

"சும்மா, அழகுக்கு," என்றார்.

அழகுக்கு ஒன்றுமில்லை. அது கையின் பழக்கம். அன்றன்றைக்கு நிறுத்துகிறபோது ஒரு வரம்பு போடாமல் ஊசியைக் கீழே வைக்க அவருக்குத் தெரியாது. காதைத் திருகத் துரைசானி வரப்போவதில்லை, அவர் அதை யோசிக்கவும் இல்லை. இருபத்திரண்டு நாளில் ஜோடி முடிந்தது.

புதுத் துணி எதுவானாலும் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் சிவகாமசுந்தரி யாருக்கும் கொடுக்கமாட்டாள். இரண்டு காலுறையின் வாயிலும் மஞ்சளை ஒரு பொட்டுத் தடவினாள். பிறகு கடிதம் எழுத உட்கார்ந்தாள். யார் பின்னியது என்று எழுதுவது? அம்மா பின்னினாள் என்றால் மகள் சிரிப்பாள். அப்பா பின்னினார் என்றால், எங்கே கற்றுக்கொண்டார் என்று கேள்வி வரும். தபாலாபீஸ் மூட நேரமாகிவிட்டது. "கடையில வாங்கினதா எழுதிடு," என்று கணேசமூர்த்தி அவசரப்படுத்தினார். மலாக்காவில் இந்தமாதிரி கம்பளிக் காலுறை எந்தக் கடையில் விற்கிறது என்று மகளுக்குத் தெரியாதா என்ன? சிவகாமசுந்தரி கெட்டிக்காரி, 'அப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தார்' என்று எழுதி மடித்துக் கொடுத்துவிட்டாள். விமானத் தபாலில் பொட்டலம் போயிற்று.

மறுநாள் கிளேபாங்கில் ஒரு வீட்டுக் கொல்லையில் குனிந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கணேசமூர்த்திக்கு உறைத்தது. சிங்கப்பூர்! அந்த வீட்டில் எந்த ஊர்ப் பேரை எழுதினாலும் எழுதலாம், அந்த ஊர்ப் பேரை எழுதலாமா? அப்பா இன்னும் அங்கே போய்வருகிறார் என்று மகள் நினைப்பாள். அதுவும் கடைச் சரக்கு இல்லை, கையால் பின்னினது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். யார் கை? பாக்கியலட்சுமியின் வாயில் பிறந்த அந்தத் தையற்காரியின் கை. மீட்டர் எண்ணைத் தப்பாக எழுதி, அடித்து, மறுபடியும் தப்பாக எழுதினார்.

சிவகாமசுந்தரியிடம் சொன்னதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, என் கையை வெட்டணும். இன்னொரு லெட்டர் போட்டு மாத்தி எழுதட்டுமா?"

"என்னான்னு மாத்துவே? பொய்யை மாத்தணும்னா உண்மையைத்தான் எழுதணும். இத்தனை வருஷம் காப்பாத்துனதை லெட்டர்ல போட்டு அனுப்புறதா? அங்க ஆஸ்பத்திரியில ஒருத்தர் கண்ணுல பட்டு, அப்பனுக்குக் காசமான்னு அவளைத் திருப்பி அனுப்பிட்டா?"

அதுவும் சரிதான் என்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். பொட்டலம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய வாரத்தோடு நீலக் காகிதம் நின்றுவிட்டது. அடுத்த வாரமும் வரவில்லை. கிறிஸ்மஸ் போயிற்று, புது வருஷம் வந்தது. வாரம் தவறாமல் எழுதுகிற பெண் நாலு வாரமாக ஒரு வரி எழுதவில்லை. சிவகாமசுந்தரி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் சொன்னாள்: பனியில் விமானம் நின்றிருக்கும், பரீட்சை இருக்கும், கைவிரலும் வீங்கியிருக்கும். கணேசமூர்த்தி காரணம் தேடவில்லை. மகளின் கால் இன்னும் அந்தக் குளிரில் வெடித்துக்கொண்டிருக்கிறது, தான் பின்னினது எங்கோ குப்பைத்தொட்டியில் கிடக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஊரெல்லாம் சொன்னபோது வலிக்காதது இப்போது வலித்தது. பேசாமல் இருந்து அவளைக் காப்பாற்றினோம் என்று பத்து வருஷமாக இருந்த நினைப்பு, பேசாமல் இருந்து அவளை இழந்துவிட்டோம் என்று திரும்பிவிட்டது.

பொங்கலுக்கு முதல்நாள் சிவகாமசுந்தரி பானைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தபால்காரர் ஜெயபாலன் வேலியோரம் சைக்கிளை நிறுத்தினார்.

"அக்கா, லண்டன் லெட்டரு."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடினாள். ஜெயபாலன் காகிதத்தை நீட்டவில்லை. "உங்களுக்கு இல்லக்கா. அண்ணன் பேரு போட்டிருக்கு."

கணேசமூர்த்தி எழுந்து வந்து வாங்கினார். மேலே அவர் பேர் முழுசாக இருந்தது. பின்னல் ஊசி ஒன்றை எடுத்து ஓரத்தைப் பிரித்தார். பிரித்துப் படித்தார்:

'அன்புள்ள அப்பாவுக்கு,

நான் உங்களுக்குத் தனியாக எழுதுகிற முதல் கடிதம் இது. தப்பாக எதுவும் எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

பொட்டலம் கிறிஸ்மஸுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. நான் போட்டுக்கொள்ளவில்லை. சிங்கப்பூர் என்று பார்த்ததும் யார் பின்னியது என்று எனக்குள் நானே முடிவு பண்ணிவிட்டேன். பெட்டிக்கு அடியில் எறிந்துவிட்டேன். அந்தக் கோபத்தில்தான் அம்மாவுக்கும் எழுதவில்லை.

புது வருஷத்திலிருந்து என்னை ஆண்களின் நெஞ்சுநோய் வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே எல்லாரும் படுத்தபடியே பின்னுகிறார்கள் அப்பா. சுரங்கத்தில் வேலை பார்த்த பெரிய பெரிய ஆட்கள். ஒரு கிழவர் பின்னின கழுத்துத்துணியை மடித்து வைக்கச் சொல்லிக் கொடுத்தார். தடவினால் நடுநடுவில் வரம்பு. இது என்ன என்று கேட்டேன். ஒரு நாளைக்கு ஒன்று, மிசி. காச வார்டில் படுத்தவன் மட்டும்தான் இப்படிப் போடுவான், அதிகமாகப் பின்னினால் சிஸ்டர் திட்டுவார் என்றார்.

வேலை முடிந்ததும் ஓடிப் போய்ப் பெட்டியைக் கவிழ்த்தேன். எண்ணினேன். வலதுகாலில் பதினொன்று, இடதுகாலில் பதினொன்று.

அப்பா, அப்போது எனக்கு ஏழு வயது. நீங்கள் இல்லாத பதினாலு மாதம். திரும்பி வந்து என்னைத் தூக்காதது, உங்கள் தட்டு, உங்கள் குவளை, நான் பக்கத்தில் வந்தால் எழுந்து போனது. அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணினேன்.

எனக்குத் தங்கச்சி கிடையாது, இல்லையா அப்பா?

பயப்பட வேண்டாம். இங்கே இப்போது நல்ல மருந்து வந்துவிட்டது, எல்லாரும் குணமாகி நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள். என்னை யாரும் அனுப்பமாட்டார்கள். அப்பாவுக்கு இருந்து குணமானது என்று சிஸ்டரிடம் நானே சொன்னேன். அதனால்தான் உனக்கு நோயாளிகளிடம் பொறுமை இருக்கிறது என்றார். என்னைக் கட்டிக்கொள்ள வருகிறவனிடமும் நானே சொல்வேன். அதற்குப் பயப்படுகிறவன் வரவே வேண்டாம்.

அன்றைக்கே காலுறையைப் போட்டுக்கொண்டேன். நாலே நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. வார்டில் நாள் முழுக்க நிற்கிறேன். இன்னொரு ஜோடி வேண்டும். வரம்பு போட மறந்துவிடாதீர்கள். எனக்காக எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் என்று நான் எண்ண வேண்டும்.

அம்மாவையும் கேட்டதாகச் சொல்லவும்.'

கணேசமூர்த்தி கடிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார். "என்னாங்க? கால் எப்படி இருக்காம்? திட்டியிருக்காளா? சொல்லுங்களேன்!" என்று சிவகாமசுந்தரி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். காகிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். பத்து வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கிப்போட்டு விட்டார்கள். அழ அழ மூச்சு லேசாக வந்தது.

சிவகாமசுந்தரி இரண்டு தடவை படித்தாள். கடைசி வரியில், "கழுதை, என்னை ஓரத்துல தள்ளிட்டா பாருங்க," என்று அழுகையோடு சிரித்தாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக வேலிக்குப் போனாள்.

"பாக்கியம்! ஏ பாக்கியலட்சுமி! கொஞ்சம் வெளிய வா."

"என்னா சுந்தரி, என்னா ஆச்சு?"

"எங்க வீட்டுக்காரரு அந்தக் காலத்துல சிங்கப்பூர்ல காச ஆஸ்பத்திரியில கிடந்தாரு. பதினாலு மாசம். சின்னவீடும் கிடையாது, தையக்காரியும் கிடையாது. நீ பெத்துப் போட்ட அந்தப் புள்ளயும் கிடையாது. சும்மா சொல்லணும்னு தோணிச்சு, சொல்லிட்டேன்."

பாக்கியலட்சுமி வாயைத் திறந்தது திறந்தபடி நின்றாள். பத்து வருஷத்தில் அவளுக்குப் பேச்சு வராமல் போனது அன்றைக்குத்தான்.

சாயங்காலமே கணேசமூர்த்தி ஜோங்கர் தெருவுக்குப் போய்விட்டு வந்தார். நியோஞ்ஞா அம்மாள் யாருக்கு என்று கேட்கவில்லை. முறுக்கு நூலை எடுத்து வைத்துவிட்டாள். அவரே, மகளுக்கு, நான்தான் பின்னுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

பொங்கலன்று கதவை அகலத் திறந்து வைத்து, பெஞ்சியை வாசலில் போட்டு உட்கார்ந்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கண்ணியை ஏற்றினார். உள்ளேயிருந்து பொங்கலும் பருப்பும் மணத்தது. சிவகாமசுந்தரி சாப்பிடக் கூப்பிட்டாள்.

"ஒரு சுத்து இருக்கு, வந்துட்டேன்," என்றார்.

வரம்பைப் போட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு போய் மணையில் உட்கார்ந்தார். நீல விளிம்பு வைத்த தட்டை அங்கே காணோம். அன்றைக்குச் சிவகாமசுந்தரி கமலவேணியின் தட்டில் அவருக்குச் சோறு போட்டு வைத்திருந்தாள்.